மென்பொருள் தொழிலில் நெடுநாள் நிலைக்க: நிரலை வாசிப்பதில் தொடங்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

25 ஆண்டுகளுக்கும் மேலாக நிரல் எழுதி வருகிறேன். இத்தனை காலத்தில் என்னிடம் வந்த வேலைகளை எண்ணிப் பார்த்தால், வெற்றுக் கோப்பைத் திறந்து முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்கியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவை எல்லாம் யாரோ எழுதி வைத்து, அவர் வேறு வேலைக்குப் போய்விட்ட பிறகு, "இது ஏன் இப்படிச் செய்கிறது?" என்ற கேள்வியோடு என்னிடம் வந்து சேர்ந்தவை.

ஆனால் இந்தத் தொழிலுக்குத் தயாராகிறவர்களுக்குக் கிடைக்கும் பயிற்சி ஏறத்தாழ முழுவதும் புதிதாக எழுதுவதைப் பற்றியதாகவே இருக்கிறது. ஒரு மொழியின் இலக்கணம், ஒரு ஃபிரேம்வொர்க் (நிரல் எழுத ஆயத்தமாகக் கிடைக்கும் சட்டகம்), நேர்காணலில் கேட்கப்படும் புதிர்கள் என்பவற்றோடு அது முடிந்துவிடுகிறது. இருக்கிற நிரலை வாசிக்கவும், அது தவறும்போது காரணத்தைத் தேடிப் பிடிக்கவும், கண்டுபிடித்ததைப் பிறருக்கு விளங்கும்படி எழுதவும் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. ஒரு பொறியாளரின் 10ஆம் ஆண்டும் 20ஆம் ஆண்டும் எப்படி அமைகின்றன என்பதை இந்த மூன்றுமே தீர்மானிக்கின்றன என்பது நான் கண்ட அனுபவம். அதனால் இந்த வழிகாட்டியை அவற்றைச் சுற்றியே அமைத்திருக்கிறேன். படிகளை வரிசையாகச் சொல்லியிருந்தாலும் ஒன்றை முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்றாம் படியில் மட்டும் அவசரப்பட வேண்டாம்.

முதல் படி: ஒரு மொழி, அதற்குக் கீழே ஓர் அடுக்கு

எந்த மொழியில் தொடங்குவது என்ற கேள்விக்கு இளையவர்கள் செலவிடும் நேரம் அதிகம். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றில் எதை எடுத்தாலும் நட்டமில்லை. இரண்டு ஆண்டுகளாவது அதை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் முக்கியம். ஆறு மாதத்துக்கு ஒரு மொழி என்று மாறிக்கொண்டிருந்தால், ஒவ்வொன்றிலும் எளிதான முதல் பகுதியை மட்டுமே திரும்பத் திரும்பக் கற்றுக்கொண்டிருப்போம்.

அந்த இரண்டு ஆண்டுகளில், மொழிக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதையும் கற்றுக்கொள்ளுங்கள். மேலே உள்ளவை மாறிக்கொண்டே இருக்கும். கீழே உள்ளவை வியக்கத்தக்க அளவுக்கு நிலையானவை. கணினி அறிவியலாளர் எட்கர் காட் 1970இல் முன்வைத்த, தரவை அட்டவணைகளாக ஒழுங்குபடுத்தும் உறவுசார் தரவு மாதிரியின் மீதுதான் இன்றும் பெரும்பாலான தரவுத்தளங்கள் நிற்கின்றன. இணையத்தின் முன்னோடி வலையமைப்பான ஆர்பாநெட் 1983 ஜனவரி 1 அன்று ஏற்றுக்கொண்ட டிசிபி/ஐபி நெறிமுறைகளே இன்றும் இணையத்தைச் சுமக்கின்றன. நான் தொழிலுக்கு வந்தபோது கற்ற ஃபிரேம்வொர்க்குகளில் ஒன்றுகூட இன்று என் வேலையில் இல்லை. அன்று கற்ற, தரவுத்தளத்திலிருந்து தகவலைக் கேட்டெடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் இன்றும் வாரம் தவறாமல் கைகொடுக்கிறது.

எண்கள் கணினிக்குள் எப்படிச் சேமிக்கப்படுகின்றன என்பதை ஒரு நாள் உட்கார்ந்து கற்றால், பல ஆண்டுகளுக்கான பிழைகளைத் தவிர்க்கலாம். பைத்தானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள், விடை 0.30000000000000004 என்று வரும். 0.1 என்ற பின்னத்தை இரும எண்முறையில் முற்றுப்பெறும்படி எழுத முடியாது என்பதே காரணம். இதை அறிந்தவர், பணத் தொகையைத் தசம எண் வகையிலோ மிகச் சிறிய அலகில் முழு எண்ணாகவோ வைப்பார்; அறியாதவரின் கணக்கு அறிக்கை ஒரு நாள் ஒரு காசு இடிக்கும். முழு எண்ணுக்கும் எல்லை உண்டு. எதிர்ம எண்களையும் ஏற்கும் 32 பிட் (0 அல்லது 1 நிற்கும் 32 இடங்கள்) முழு எண்ணில் 2,147,483,647க்கு மேல் ஒன்றைக் கூட்டினால், பல மொழிகளில் அது எதிர்மமாகிவிடும். ஜாவாவோடு வரும் லைப்ரரியில் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) இருந்த இருமத் தேடலில், அதாவது வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் நிரலில், இரண்டு எல்லைகளைக் கூட்டி இரண்டால் வகுக்கும் வரியில் இதே பிழை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 2006இல்தான் பரவலாக அறியப்பட்டது. உலகெங்கும் நம்பிப் பயன்படுத்தப்பட்ட நிரலிலேயே அப்படி ஒன்று தங்கியிருந்தது என்றால், நம் நிரலை நாம் எத்தனை முறை திரும்பப் பார்க்க வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் படி: பிறர் எழுதிய நிரலை வாசிக்கும் முறை

புதிய நிறுவனத்தில் சேர்ந்த முதல் வாரம், லட்சக்கணக்கான வரிகள் கொண்ட ஒரு நிரல்தொகுப்பு உங்கள் முன் வைக்கப்படும். அதை முதல் கோப்பிலிருந்து வரிசையாக வாசிக்க முயன்றவர்கள் மூன்றாம் நாள் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். நிரலைக் கதைபோல் வாசிக்க முடியாது. ஓர் ஊருக்குப் புதிதாக வந்தவர் வழி பழகுவதைப்போல, ஒரு பாதையைப் பிடித்து நடந்துதான் பழக வேண்டும்.

முதலில், அந்த மென்பொருளை உங்கள் கணினியில் ஓடச் செய்யுங்கள். இதற்கே இரண்டு நாள் ஆகலாம். அது வீணாகும் நேரம் இல்லை. எந்தத் தரவுத்தளம் வேண்டும், எந்த அமைப்புக் கோப்பு எங்கே இருக்கிறது, எந்தச் சேவை இல்லாவிட்டால் எது நிற்கும் என்பதெல்லாம் அந்த இரண்டு நாளில் விளங்கிவிடும். பிறகு பயனர் செய்யும் ஒரு செயலை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். கடவுச்சொல்லை மாற்றுவது என்று வைத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்தியதும் எந்த முகவரிக்குக் கோரிக்கை போகிறது, சர்வரில் எந்தச் செயற்கூறு அதை வாங்குகிறது, அது வேறு எவற்றை அழைக்கிறது, கடைசியில் எந்த அட்டவணையின் எந்த வரிசை மாறுகிறது என்று முனையிலிருந்து முனைவரை பின்தொடருங்கள். வழியில் காணும் ஒவ்வொரு பெயரையும் தாளில் எழுதி அம்புக்குறியால் இணையுங்கள். கையால் வரைவது முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கருவிகள் தானாக வரைந்து தரும் படத்தில் எல்லாமே இருக்கும், ஆனால் அதில் உங்கள் நினைவில் நிற்பது எதுவும் இராது.

இப்படி நான்கைந்து பாதைகளை வரைந்து முடித்தால், அவை ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் தெரியவரும். அந்த இடங்களில்தான் தொகுப்பின் முக்கியமான கோப்புகள் இருக்கும். இனி அவற்றின் வரலாற்றை வாசியுங்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய, நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் என்ற கருவி இன்று ஏறத்தாழ எல்லா இடங்களிலும் பயன்படுகிறது. ஒவ்வொரு வரியையும் யார், எப்போது, எந்த மாற்றத்தின் பகுதியாக எழுதினார்கள் என்பதை அது சொல்லும். பார்வைக்குப் பொருளற்றதாகத் தோன்றும் ஒரு நிபந்தனை வரியைக் கண்டதும் எழுதியவரைக் குறைசொல்லத் தோன்றும். பொறுத்திருந்து அதன் கமிட் (கிட்டில் பதிவான ஒரு மாற்றம்) செய்தியைப் பாருங்கள். நள்ளிரவில் நின்றுபோன ஒரு சேவையை மீட்கச் சேர்த்த வரியாக அது இருக்கலாம். காரணம் தெரியாமல் எந்த வரியையும் நீக்காதீர்கள். தெரிந்தபின் நீக்கத் தயங்காதீர்கள்.

மூன்றாம் படி: காரணத்தைக் கண்டுபிடித்தல்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி. என் தொழில்வாழ்வின் நடுப்பகுதியும் இதுவே. முறையை வெறுமனே சொல்வதைவிட, நான் மாட்டிக்கொண்டு மீண்ட ஒரு சிக்கலைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன்.

நான் வேலை செய்த ஓரிடத்தில், வாடிக்கையாளர்களின் பெயர்களை ஒரு பழைய அமைப்புக்குக் கோப்பாக அனுப்பும் நிரல் இருந்தது. தமிழ்ப் பெயர்களை ஏற்கத் தொடங்கிய சில வாரங்களில் புகார்கள் வந்தன. சில பெயர்களின் கடைசியில், கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி இட்டதுபோன்ற அடையாளம் தோன்றியது. எல்லாப் பெயர்களிலும் அப்படி வரவில்லை. குழுவில் ஒருவர் எழுத்துரு சரியில்லை என்றார், மற்றொருவர் தரவுத்தளத்தின் எழுத்துக்குறி அமைப்பை மாற்றச் சொன்னார், நானோ அனுப்பும் லைப்ரரியின் பதிப்பை உயர்த்திப் பார்த்தேன். மூன்று நாள் போயிற்று. மூவரும் ஊகத்தையே தீர்வாக எடுத்துக்கொண்டிருந்தோம்.

நான்காம் நாள் எல்லா மாற்றங்களையும் திரும்பப் பெற்றுவிட்டு, கெட்ட பெயர்களையும் கெடாத பெயர்களையும் இரண்டு பத்திகளாக எழுதி வைத்துப் பார்த்தேன். கெட்டவை அனைத்திலும் முன்னெழுத்து இருந்தது. முன்னெழுத்து இல்லாத எந்தப் பெயரிலும் அந்த அடையாளம் வரவில்லை. முதல் முறையாகக் கையில் ஓர் உண்மை கிடைத்தது.

அடுத்து, பெயர்களைப் பைட்டுகளாக (கணினி நினைவகத்தின் சிறு அலகு) எண்ணினேன். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். உயிர்மெய்க் குறியும் புள்ளியும்கூடத் தனித்தனிக் குறியீடுகளே. 'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு, 15 பைட். முன்னெழுத்தை அடுத்து வரும் முற்றுக்குறிக்கும் இடைவெளிக்கும் தலா ஒரே பைட்தான். பழைய அமைப்பின் கோப்பில் பெயருக்கு 30 பைட் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. நிரலோ அதற்கு மேற்பட்டதை 30ஆம் பைட்டில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டியது. முழுவதும் தமிழ்க் குறியீடுகளால் ஆன பெயரில், 30 என்பது மூன்றின் மடங்கு என்பதால், வெட்டு எப்போதும் சரியாக ஒரு குறியீட்டின் எல்லையில் விழும். "க. அன்னலட்சுமி" என்ற பெயரில் முதல் மூன்று குறியீடுகளுக்கு 3, 1, 1 என 5 பைட், மீதமுள்ள 25 பைட்டில் எட்டுத் தமிழ்க் குறியீடுகள் 24 பைட்டை நிரப்ப, ஒன்பதாவதன் முதல் பைட்டோடு பெயர் அறுந்துபோகும். அந்த ஒற்றைப் பைட்டைத்தான் திரை கேள்விக்குறியாகக் காட்டியது.

காரணம் கிடைத்ததும் வேலை முடிந்ததென்று எழுந்துவிடாமல், இதே காரணம் வேறெங்கெல்லாம் தீங்கு செய்திருக்கும் என்று கேட்டதில்தான் பெரிய சேதம் வெளிப்பட்டது. முன்னெழுத்து இல்லாத "அன்னலட்சுமி" 11 குறியீடு, 33 பைட். 30இல் வெட்டினால் கடைசி இகரக் குறி மட்டும் உதிர்ந்து "அன்னலட்சும" என்று நிற்கும். அதில் எந்த விநோத அடையாளமும் இல்லை. தட்டச்சுப் பிழைபோலத் தோன்றியதால் யாரும் புகார் செய்யவில்லை. புகார் வந்த பெயர்களைவிட, இப்படி அமைதியாகச் சிதைந்த பெயர்களே அதிகம். நிரலை இரண்டு நிலைகளில் திருத்தினோம். உடனடியாக, குறியீட்டின் நடுவிலோ உயிர்மெய்யின் நடுவிலோ வெட்டாமல், நீளமான பெயர்களைத் தனியே குறித்துக்கொள்ளச் செய்தோம். பின்னர் பழைய அமைப்பின் பொறுப்பாளர்களோடு பேசிப் பெயருக்கான இடத்தை நீட்டினோம்.

இதிலிருந்து நான் பின்பற்றும் ஒழுங்கு பின்வருமாறு. பிழையை விரும்பியபோதெல்லாம் மீண்டும் வரவழைக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடியாதவரை நிரலில் கைவைக்க வேண்டாம். பிழை வரும் நேர்வுகளையும் வராத நேர்வுகளையும் பக்கம் பக்கமாக வைத்து, வேறுபாடு என்ன என்று தேடுங்கள். ஓர் ஊகத்தை எழுதி, அது உண்மையானால் அடுத்த சோதனையில் என்ன தெரிய வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பலிக்காத மாற்றத்தை உடனே திரும்பப் பெறுங்கள். நேற்று வரை சரியாக ஓடியது இன்று ஓடவில்லை என்றால், கிட்டின் பைசெக்ட் கட்டளை இடைப்பட்ட கமிட்டுகளைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும். 1,000 கமிட் இருந்தாலும் ஏறத்தாழ 10 சோதனையில் குற்றமுள்ள கமிட்டை நெருங்கிவிடலாம். கடைசியாக, திருத்தும் முன் காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். "30ஆம் பைட்டில் வெட்டுவதால் மூன்று பைட் குறியீடு பிளவுபடுகிறது" என்று எழுத முடிந்தால் காரணம் கையில் இருக்கிறது. "லைப்ரரியில் ஏதோ சிக்கல்" என்றுதான் எழுத முடிகிறது என்றால், தேடல் இன்னும் முடியவில்லை.

நான்காம் படி: சிறிதாக மாற்றுதல்

காரணம் தெரிந்த பிறகு மாற்றம் பெரும்பாலும் சில வரிகளில் முடியும். அதோடு சேர்த்துச் சுற்றியுள்ளவற்றையும் அழகுபடுத்தும் ஆசை எழும். அதைத் தனிக் கமிட்டாக வையுங்கள். நடத்தையை மாற்றும் கமிட்டும் அமைப்பை மட்டும் மாற்றும் கமிட்டும் ஒன்றாகக் கலந்தால், கோட் ரிவியூ செய்பவர் (மாற்றத்தைச் சேர்க்கும் முன் வாசித்துச் சரிபார்க்கும் சக பொறியாளர்) எதைக் கவனிப்பது என்று தெரியாமல் இரண்டையும் மேலோட்டமாகப் பார்த்து ஒப்புதல் தந்துவிடுவார்.

சோதனை நிரலை, திருத்தும் முன்பே எழுதுங்கள். பழைய நிரலில் அது தோற்க வேண்டும், புதிய நிரலில் வெல்ல வேண்டும். தோற்றுப் பார்க்காத சோதனை எதைச் சோதிக்கிறது என்பதற்கு உங்களிடம் ஆதாரம் கிடையாது. எங்கள் பெயர்ச் சிக்கலுக்கு எழுதிய சோதனையில் மேலே சொன்ன இரண்டு பெயர்களோடு, 30 பைட்டுக்குள் முழுமையாக அடங்கும் ஒரு பெயரையும் சேர்த்தோம். கெடாதது கெடாமல் இருப்பதையும் உறுதிசெய்ய வேண்டுமல்லவா?

ஐந்தாம் படி: எழுதி வைத்தல்

பல ஆண்டுகள் நான் இதைப் புறக்கணித்தேன், அதற்காக வருந்துகிறேன். ஒரு சிக்கலைத் தீர்த்ததும் ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். என்ன தெரிந்தது, எது காரணம், எப்படிக் கண்டுபிடித்தோம், எந்த ஊகங்கள் தவறின, என்ன மாற்றினோம் என்ற ஐந்து செய்திகள் போதும். தவறிய ஊகங்களை விட்டுவிடாதீர்கள். அடுத்து வருபவர் அதே பாதையில் மூன்று நாள் அலையாமல் காப்பவை அவையே. யார் தவறு என்று எழுத வேண்டாம். பெயர் சொல்லிக் குற்றம் சாட்டப்படும் இடத்தில் அடுத்த முறை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

புதிதாக ஒன்றைக் கட்டும் முன்பும் இதே அளவு எழுதுங்கள். எந்தச் சிக்கலைத் தீர்க்கிறோம், வேறு எந்த வழிகளை யோசித்து ஏன் விட்டோம் என்பது அதில் இருந்தால் போதும். ஒரு பக்கத்தில் விளக்க முடியாத வடிவமைப்பு, எழுதியவருக்கே இன்னும் தெளியாத வடிவமைப்பாகவே என் கண்ணில் பட்டிருக்கிறது.

ஆறாம் படி: செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோடு வேலை செய்தல்

2021இல் கிட்ஹப் கோபைலட்டும் 2022 நவம்பரில் சாட்ஜிபிடியும் வெளிவந்த பிறகு, நிரலைத் தட்டச்சு செய்யும் வேலை பெருமளவு குறைந்துவிட்டது. இந்தத் தொழிலே முடிந்துவிடுமா என்று இளையவர்கள் கவலையோடு கேட்கிறார்கள். வேலைவாய்ப்புகள் எப்படி மாறும் என்பதை நான் கணிக்கப் போவதில்லை. என் மேசையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்: எழுதும் நேரம் குறைந்தது, வாசிக்கும் நேரம் கூடியது. கருவி தரும் நிரலும் பிறர் எழுதிய நிரல்தான். அதிலும் எழுதியவரிடம் போய்க் காரணம் கேட்க முடியாத நிரல்.

ஆகவே, தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு நான் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு. கருவியிடம் கேட்கும் முன், விடை எப்படி இருக்கும் என்று நீங்களே நான்கு வரி எழுதுங்கள். வந்த விடையை அதோடு ஒப்பிட்டு, வேறுபடும் ஒவ்வோர் இடத்துக்கும் காரணம் கண்ட பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். பெயரை 30 பைட்டில் வெட்டும் நிரலைக் கேட்டால் கருவி அதைச் சரியாகவே எழுதித் தரும்; பெயரை அப்படி வெட்டலாமா என்ற கேள்வியை நீங்கள்தான் கேட்க வேண்டும். பிழை தேடும்போது, கருவி சொல்லும் காரணத்தையும் ஓர் ஊகமாக மட்டுமே எடுத்து, மூன்றாம் படியின் ஒழுங்குக்கு உட்படுத்துங்கள்.

ஏழாம் படி: வேலைகளைத் தேர்ந்தெடுத்தல்

முதல் ஐந்து ஆண்டுகளில், யாருக்குக் கீழே வேலை செய்கிறீர்கள் என்பது எந்த நிறுவனம் என்பதைவிட முக்கியம். நேர்காணலின் முடிவில் கேள்வி கேட்கச் சொல்வார்கள்; அப்போது, கடைசியாகச் சேவை நின்றுபோன நாளில் என்ன நடந்தது, அதற்குப் பின் எதை மாற்றினீர்கள் என்று கேளுங்கள். விவரமாகவும் பதற்றமின்றியும் பதில் சொல்லும் குழுவில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும். எங்களுக்கு அப்படி நடப்பதே இல்லை என்றோ, அதற்குக் காரணமானவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றோ பதில் வந்தால் யோசித்து முடிவெடுங்கள்.

ஒரே இடத்தில் மிகக் குறுகிய காலமே இருந்துவிட்டு மாறுவதில் ஓர் இழப்பு உண்டு. நீங்கள் எடுத்த வடிவமைப்பு முடிவின் விளைவு தெரியவர ஒன்றரை ஆண்டாவது ஆகும். அதற்குள் போய்விட்டால், உங்கள் தவறுகளின் பாடம் வேறொருவருக்குப் போய்ச் சேரும். அதேவேளை, ஓராண்டாகப் புதிய வகைச் சிக்கல் எதையும் சந்திக்கவில்லை என்றால், சம்பளம் நன்றாக இருந்தாலும் வேறிடம் தேடத் தொடங்குவதே நல்லது. இதை அறிய, வாரம் ஒரு முறை 'என்ன சிக்கல், என்ன காரணம், என்ன கற்றேன்' என்று மூன்று வரி வேலைக்குறிப்பு எழுதிவாருங்கள். ஓராண்டுக் குறிப்பை ஒரு மாலையில் வாசித்தால் நிலைமை விளங்கிவிடும். ஊதிய உயர்வுப் பேச்சுக்கும் அடுத்த நேர்காணலுக்கும் அதைவிட நல்ல ஆவணம் இல்லை.

எட்டு, பத்து ஆண்டுகளில் மேலாளராகிறீர்களா என்ற கேள்வி வரும். மேலாண்மை பதவி உயர்வாகத் தோன்றினாலும் உண்மையில் அது வேறு ஒரு தொழில். அங்கே நாள் முழுவதும் மனிதர்களோடு பேசுவதும், அவர்களுக்குத் தடையாக இருப்பவற்றை நீக்குவதும்தான் வேலை. அதில் மகிழ்ச்சி காண்பவர்கள் தயங்காமல் போகட்டும். நான் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு நிரலுக்கே திரும்பினேன். திரும்பியதை யாரும் குறைவாக எண்ணவில்லை. முயன்று பார்க்கும் முன்பே, திரும்பி வர வழி உண்டா என்று நிறுவனத்திடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

பொறியாளராகவே தொடர்பவர்களுக்கு, இளையவர்களைப் பழக்குவது வேலையின் பகுதியாகிவிடும். அவர்கள் ஒரு பிழையோடு உங்களிடம் வரும்போது விசைப்பலகையை வாங்கிக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த கட்டளையை இடும் முன் திரையில் என்ன தெரியும் என்று எதிர்பார்க்கிறார் என மட்டும் கேளுங்கள். அவர் பதில் சொல்லட்டும். பிறகு கட்டளையை இடட்டும். எதிர்பார்த்ததும் வந்ததும் வேறுபட்டால், அந்த வேறுபாட்டை அவரே தம் கையால் எழுதும்வரை காத்திருங்கள்.